தொன்னைப் பொங்கலும் நாலரை நிமிடச் சூடும்

மார்கழியில் நாக்கைச் சுட்டுக்கொள்வது எனக்கு ஆண்டுக்கொரு முறை நடக்கும் சடங்கு. ஏழெட்டு வயதில் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை. விடிகாலை ஐந்தரை மணிக்கு ஊர்ப் பெருமாள் கோயிலில் பூஜை முடிந்து மடைப்பள்ளியிலிருந்து அண்டா வெளியே வரும். வாழைச்சருகுத் தொன்னையில் ஒரு கரண்டி வெண்பொங்கல் விழும். பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாதபடி குளிர். தொன்னையில் விரல் வைத்துப் பார்த்தால் வெதுவெதுவென்றுதான் இருக்கும். ஆறிவிட்டது என்று நம்பி நடுவிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டால், அன்று முழுக்க நாக்குக்கு எந்த ருசியும் தெரியாது. "ஏன்டா பறக்குற? ஓரமா வழிச்சுத் தின்னு" என்பார் அப்பாயி. ஓரம் ஆறும், நடு ஆறாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. வாய் வெந்தவன் கேள்வி கேட்கும் நிலையில் இருப்பதில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். பெயர் பெஞ்சமின் தாம்ப்சன். ரம்ஃபோர்டு பிரபு என்றால் இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் பவேரியாவில் உயர்பதவி வகித்து, பீரங்கிக் குழாயைத் துளைபோடும்போது கிளம்பும் சூட்டைப் பார்த்து, வெப்பம் என்பது ஒரு திரவமோ பொருளோ அல்ல, அது ஒருவகை இயக்கம் என்று 1798இல் சொன்னவர். மியூனிக் நகரத்து ஏழைகளுக்குப் பெரிய அடுப்பு கட்டிச் சூப் காய்ச்சி ஊற்றியதும் இவர்தான். ஒரு நாள் இவருக்குக் கெட்டியான அரிசிக் கஞ்சி வந்தது. சுட்டதால் ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து மேலாக ஒரு கரண்டி எடுத்தார்; ஆறிப்போயிருந்தது. அடுத்த கரண்டியை ஆழத்திலிருந்து எடுத்தார், வாய் வெந்தது. தொன்னையை ஏந்திய எல்லாப் பிள்ளைகளுக்கும் நேர்வதுதான். அவர் மட்டும் அதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்.

அவர் கண்டுகொண்டது இது. தண்ணீர் ஆறுவது பெரும்பாலும் அது அசைவதால். மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும், கீழிருக்கும் சூடான நீர் இலேசாகி மேலே வரும். இந்த ஓயாத சுழற்சிக்கு வெப்பச்சலனம் என்று பெயர். அந்த நீரில் மாவுச்சத்தைக் கரைத்துக் குழைவாக்கிவிட்டால் சுழற்சி நின்றுபோகும். பிறகு சூடு ஒரு துளியிலிருந்து பக்கத்துத் துளிக்குக் கைமாறிக் கைமாறித்தான் வெளியேற வேண்டும். அது மிக மெதுவான வழி. மிளகு ரசமும் வெண்பொங்கலும் ஒரே நேரத்தில் அடுப்பை விட்டு இறங்கினாலும் ரசம் முன்னால் ஆறுவதற்கு இதுவே காரணம். பொங்கலுக்கு இன்னொரு காவலும் உண்டு: மேலே மிதக்கும் நெய். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். நெய்ப்படலம் அந்த வாசலை அடைக்கிறது. நெய் தாராளமாக விட்ட பொங்கல் நெடுநேரம் சுடச்சுட இருப்பதில் தெய்வ அனுக்கிரகத்தோடு கொஞ்சம் இயற்பியலும் சேர்ந்திருக்கிறது.

(இங்கே நான் சொன்ன கலோரி இயற்பியலின் சின்னக் கலோரி. உணவு விஷயத்தில் கலோரி என்று நாம் பேசுவது அதில் ஆயிரம் சேர்ந்த கிலோகலோரி. இனி வரும் கணக்கெல்லாம் போய் முடிவது இந்தப் பெரிய கலோரியில்தான்.)

சரி, பொங்கல் தன் சூட்டைக் காத்துக்கொள்கிறது. நமக்கு எவ்வளவு தருகிறது? குளிருக்கு இதமாக ஒரு தம்ளர் மிளகு ரசம் குடித்தால் உடம்பு எவ்வளவு சூடாகும்? அடுக்களை மேடையில் நின்றபடியே போட்டுவிடலாம் இந்தக் கணக்கை. 200 மில்லி ரசம், 60 டிகிரிச் சூட்டில். உடம்பின் வெப்பம் 37. ஆக 23 டிகிரி இறங்கும்வரை அது நமக்கு வெப்பம் கொடுக்கும். 200ஐ 23ஆல் பெருக்கினால் 4,600 சின்னக் கலோரி, அதாவது 4.6 கிலோகலோரி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவர் உடல் மணிக்கு ஏறக்குறைய 60 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஒன்று. ஆக, ஒரு தம்ளர் ரசம் தரும் சூடு, நீங்கள் திண்ணையில் நாலரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அந்த வெப்பம் முழுவதும் உடம்பிலேயே தங்கினாலும் உடல் வெப்பநிலை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட ஏறாது.

முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் தம்ளரை உருட்டி, ஆவியை முகர்ந்து, ஒவ்வொரு மிடறாக உள்ளே இறங்குவதை நெஞ்சுவரை உணர்ந்து குடித்ததெல்லாம் நாலரை நிமிடத்துக்குத்தானா?

பொங்கல் கதை வேறு. அதன் கொதிசூட்டை விடுங்கள். அது செரிக்கும்போது வரும் சூட்டைப் பாருங்கள். சாப்பாட்டைச் செரித்து, உறிஞ்சி, பிரித்து, சேமித்து வைக்க உடம்பு வேலை செய்ய வேண்டும். அந்த வேலை வெப்பமாக வெளிப்படும். சாதாரணக் கலவைச் சாப்பாட்டின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. புரதத்துக்கு 20 முதல் 30 சதவீதம், மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 3க்குள். பாசிப்பருப்பில் புரதம் உண்டு, அரிசியில் மாவுச்சத்து. நெய்தான் இந்த விஷயத்தில் சோம்பேறி. ஒரு தட்டுப் பொங்கல் 400 கிலோகலோரி என்று வைத்தால் அடுத்த சில மணி நேரத்தில் 30, 40 கிலோகலோரி வெப்பம் கூடுதலாக உண்டாகும். ரசத்தைப் போல் ஏழெட்டு மடங்கு. ஆனால் அது ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும், நாம் பஸ்ஸில் நிற்கும்போதும் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும்போதும் சத்தமில்லாமல் வரும். அதற்குப் பொங்கலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

தெரிகிற சூடு சொற்பம். கிடைக்கிற சூடு தெரிவதில்லை. குளிர்காலச் சமையல் முழுக்க இந்த முரண்பாட்டின் மேல்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வடக்கே இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் முதலில் கேட்கப்போவது, "உங்களுக்கு ஏது குளிர்காலம்?" என்றுதான். சென்னையில் சனவரி மாத விடிகாலையில் 20, 21 டிகிரி இருந்தாலே மங்கிக் குல்லாய் வெளியே வந்துவிடும். காதில் மப்ளர், வாயில் ஆவி வருகிறதா என்று ஊதிப் பார்க்கும் ஆசை வேறு. ஆனாலும் நம் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆடையில்லாத மனித உடல் நடுங்காமலும் வியர்க்காமலும் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளக்கூடிய காற்றின் வெப்பநிலை சுமார் 28 முதல் 30 டிகிரி. நாம் வெப்பமண்டலத்தில் உருவான விலங்கு. மெல்லிய பருத்தி வேட்டியோடு 20 டிகிரியில் நிற்பவருக்குக் குளிர்வது பாவனை அல்ல. அந்தக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியும் நம் பக்கம்தான் சாட்சி சொல்லும்: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளியலறையில் புட்டியைத் தலைகீழாகத் தட்டாமல் சீவிக்கொள்ள முடிகிறவரை தமிழ்நாட்டில் குளிர்காலம் வந்ததாகக் கணக்கில்லை.

குளிரை நாம் உணர்வது பெரும்பாலும் தோலில். அதனால் குளிரை விரட்டுகிற சமையலும் உடம்பின் உள்வெப்பத்தோடு பேசுவதைவிட நரம்போடுதான் அதிகம் பேசுகிறது. அங்கேதான் மிளகு வருகிறது.

சங்க காலத்தில் மிளகுக்குக் கறி என்று பெயர். யவனர் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கறி ஏற்றிப் போனதை அகநானூறு பேசுகிறது. மிளகாய் வெகு பிந்தி வந்தது. போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். பெயரிலேயே யார் மூத்தவர் என்பது இருக்கிறது. மிளகின் உறைப்புக்குக் காரணமான பிப்பெரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டட். மின்சாரம் பாயும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று அடுத்த ஆண்டு காட்டினாரே, அதே ஓர்ஸ்டட். மின்காந்தவியலுக்கு முதல் கல் வைத்தவர், அதற்கு முன்னால் மிளகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பிப்பெரின் வாய்க்குள் என்ன செய்கிறது என்பது தெளிவாக இன்னும் 178 ஆண்டுகள் ஆயின. 1997இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு, மிளகாயின் கேப்சைசின் நரம்பில் எதைத் தொடுகிறது என்று தேடி ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. இன்று அதற்கு டிஆர்பிவி-1 என்று பெயர். நரம்பின் மேலுறையில் இருக்கும் ஒரு சின்ன மதகு அது. மதகு திறந்தால் மின்னேற்றம் கொண்ட அணுக்கள் உள்ளே பாயும்; நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். வியப்பு என்னவென்றால், கேப்சைசின் இல்லாவிட்டாலும் சுமார் 43 டிகிரிச் சூடு பட்டால் அதே மதகு தானாகத் திறக்கிறது. சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே மதகு, ஒரே செய்தி. மூளைக்கு இரண்டும் "சுடுகிறது" என்றுதான் போய்ச் சேருகின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடுவுணர்வின் மதகுகளைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார்.

பிப்பெரினும் இதே மதகைத்தான் திறக்கிறது. கேப்சைசின் அளவுக்கு வலு கிடையாது. அதனால்தான் மிளகை முழுதாகக் கடித்தாலும் தாங்குகிறோம்.

இப்போது மிளகு ரசத்தை மறுபடி பார்ப்போம். அந்த மதகுக்கு மூன்றாவதாக ஒரு சாவியும் உண்டு: புளிப்பு. அமிலம் பட்டால் மதகு இன்னும் குறைந்த சூட்டிலேயே திறக்கத் தயாராகிவிடும். ரசத்தில் என்ன இருக்கிறது? கொதிநீரின் சூடு, மிளகின் பிப்பெரின், புளிக்கரைசலின் அமிலம். மூன்று சாவி, ஒரு பூட்டு. ஒன்றை ஒன்று தூக்கிவிடும். அதே ரசம் ஆறிப்போனால் சப்பென்று ஆகிவிடுவது நம் மனக்குறை அல்ல. மூன்றில் ஒரு சாவி கைநழுவிப் போனதுதான்.

சித்த மருத்துவத்தில் திரிகடுகம் என்று ஒரு கூட்டு உண்டு: சுக்கு, மிளகு, திப்பிலி. இந்தப் பெயரிலேயே பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நீதிநூலும் இருக்கிறது. மார்கழியில் கண்டதிப்பிலி ரசம், சுக்குமல்லிக் காபி, அதற்கு முன்னால் தீபாவளி லேகியம் என்று இந்த மூன்றும் மாறிமாறி நம் தொண்டையில் இறங்கும். மிளகும் திப்பிலியும் ஒரே பேரினத்துக் கொடிகள். இரண்டிலும் இருப்பது பிப்பெரின். சுக்கில் இருப்பது வேறு மூலக்கூறு. ஆனால் அது தட்டுவதும் டிஆர்பிவி-1 என்ற அதே மதகைத்தான். மூன்று பொருளைத் தேடி எடுத்துச் சேர்த்தவர்களுக்கு மூலக்கூறு தெரியாது, நாக்கு தெரிந்திருந்தது.

சுக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காயவைத்த இஞ்சிதானே என்று நினைப்போம். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். (அந்தப் பெயருக்குள் நம் இஞ்சி ஒளிந்திருக்கிறது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து.) இஞ்சி காயும்போது ஜிஞ்சரால் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கழற்றிவிட்டு ஷோகால் ஆகிறது. ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. ஜிஞ்சராலைவிட ஷோகால் ஏறத்தாழ இரண்டு மடங்கு உறைப்பு. சுக்கு என்பது நீர் போன இஞ்சி மட்டும் அல்ல, மூலக்கூறிலும் நீர் போன இஞ்சி. அதே இஞ்சியைப் பாகில் போட்டு நெடுநேரம் வேகவிட்டால் ஜிஞ்சரால் இன்னொரு வழியில் உடைந்து ஜிஞ்சரோன் ஆகிவிடும். காரம் அடங்கி இனிப்பான மணம் வரும். இஞ்சி மொரப்பாவின் சாந்தம் அப்படி வந்தது. பச்சையாக ஒரு குணம், காய்ந்து ஒரு குணம், வெந்து ஒரு குணம். மனிதர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு; அவர்களை ரசத்தில் போட முடியாது.

இந்தக் காரச் சூட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூளைக்குச் "சுடுகிறது" என்று செய்தி போய்விட்டதல்லவா? அது உடனே உடம்பைக் குளிர்விக்கும் வேலையைத் தொடங்கிவிடும். முகத்துத் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், நெற்றி வியர்க்கும், மூக்கு ஒழுகும். தோலுக்கு வெதுவெதுப்பான ரத்தம் வந்து சேர்வதால் நமக்குக் கதகதப்பாகத் தெரியும். உண்மையில் உடம்பு அப்போது வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. வெறும் வெந்நீருக்கே இந்தக் குணம் உண்டு. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் 2012இல் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு 50 டிகிரி வெந்நீர் கொடுத்துப் பார்த்தார்கள். வெந்நீர் கொடுத்த வெப்பத்தைவிடக் கூடுதல் வியர்வை கொண்டுபோன வெப்பம் அதிகமாக இருந்தது. சித்திரை வெயிலில் சூடான டீ குடித்துவிட்டு "இப்பதான் குளுகுளுன்னு இருக்கு" என்று சொல்லும் ஆட்டோக்காரரின் கூற்றுக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. ஆக, ஒரே மிளகு மார்கழியில் கதகதப்பும் சித்திரையில் குளிர்ச்சியும் தருகிறது என்றால் இரண்டும் பொய்யில்லை.

சளிக்கும் இதே கதைதான். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸ் குழுவினர் 2008இல் சளி பிடித்தவர்களுக்குச் சூடான பழப்பானம் கொடுத்து, மூக்கில் போய்வரும் காற்றை அளந்தார்கள். காற்றோட்டம் கருவியில் கூடவில்லை. குடித்தவர்கள் மட்டும் இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர் எல்லாம் உடனே குறைந்ததாகச் சொன்னார்கள். அதே பானத்தை அறை வெப்பநிலையில் கொடுத்தபோது இவ்வளவு பலன் இல்லை. இதைப் படித்துவிட்டு ரசத்தின் மகிமை பொய் என்று ஒரு நண்பர் வாதிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சளிக்காரர் கேட்பது நிம்மதி. கருவி கேட்பது காற்று. நிம்மதி கிடைத்துவிட்டதே! ஆனால் ரசம் கிருமியைக் கொல்லும், சளியை அறுத்து எறியும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நம்பிவிட வேண்டாம். மஞ்சளும் மிளகும் சேர்ந்த பாலுக்கு ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது: பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல், பிப்பெரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் பல மடங்கு அதிகமாகச் சேர்கிறது என்று காட்டினார்கள். ரத்தத்தில் சேர்வது ஒன்று, நோய் தீர்வது வேறொன்று என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அடுப்புக்குத் திரும்புவோம். பிப்பெரின் தண்ணீரில் கரைய மறுக்கும், கொழுப்பில் இணங்கும். நெய்யில் மிளகைப் பொரித்துப் பொங்கலில் கொட்டும்போது அந்த நெய் மிளகின் சாரத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பருக்கைக்கும் கொண்டுபோகிறது. மிளகின் மணம் வேறு மூலக்கூறுகளின் வேலை; அவை எளிதில் ஆவியாகிப் பறந்துவிடும். பொடித்து வைத்த மிளகில் காரம் இருக்கும், வாசம் இருக்காது. ரசத்துக்கு மிளகையும் சீரகத்தையும் அப்போதைக்கப்போது தட்டிப்போட வேண்டும் என்பதும், நுரைகட்டி வந்ததும் இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது என்பதும் இதனால்தான். கொதிக்கக் கொதிக்க வீடு மணக்கும். அந்த மணம் முழுவதும் தம்ளரில் இருந்திருக்க வேண்டியது.

மார்கழிக் காலையில் ஏன் பொங்கல், ஏன் இட்லி இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி அளவில்தான் உற்சாகம். 20 டிகிரியில் அவையும் நம்மைப் போலவே போர்வைக்குள் சுருண்டுவிடும். காலையில் எழுந்து பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி கிடக்கும். பொங்கலுக்கு யார் தயவும் வேண்டாம். அரிசியும், வாசம் வர வறுத்த பாசிப்பருப்பும், ஒன்றுக்கு ஐந்து பங்கு தண்ணீரும் போதும். 60 டிகிரி தாண்டியதும் அரிசியின் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். 75, 80க்குள் கட்டுக்குலைந்து குழையும்.

இனிப்புப் பக்கம் வரும்போது மாவுச்சத்து பிடிவாதம் பிடிக்கும். சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும் என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். அவசரப்பட்டு முன்னால் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மாவுச்சத்துக்கு நீர் போதாமல் போகிறது, அது குழைய வேண்டிய வெப்பநிலையும் மேலே ஏறிவிடுகிறது. கூடாரவல்லியன்று, மார்கழி 27ஆம் நாள், செய்யும் அக்காரவடிசிலில் கூடுதல் கண்டம்: அங்கே அரிசி பாலிலேயே வேகிறது. வெல்லத்தில் இலேசான அமிலத்தன்மை உண்டு. கொதிக்கும் பாலில் அதைக் கொட்டினால் பால் திரிந்துவிடும். அரிசி பாலை முழுக்கக் குடித்த பிறகு, அடுப்பைத் தணித்து, வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றுவது அதற்காக. ஒரு கூடாரவல்லிக்கு என் கையால் செய்த வடிசில், முடிவில் ஒருவகைப் பால்கோவாவாகத்தான் இலைக்கு வந்தது. யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது கரண்டி யாரும் கேட்கவும் இல்லை.

சர்க்கரைப் பொங்கலைச் சூடாகச் சாப்பிட்டால் அதிகம் இனிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நாக்கின் இனிப்பு உணர்விலும் ஒரு மதகு இருக்கிறது, டிஆர்பிஎம்-5 என்று. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடு ஏறும்போது அதன் வேலை வெகுவாகத் தீவிரமாகிறது என்று 2005இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான். சர்க்கரைப் பொங்கலில் தட்டிப்போடும் ஏலக்காய்க்கு வேறு ஒரு குறும்பு உண்டு. ஏலக்காய் எண்ணெயில் இருக்கும் சினியோல், குளிரை உணரும் டிஆர்பிஎம்-8 என்ற மதகைத் தொடும். புதினாவின் மெந்தால் தொடும் அதே மதகு. வெண்பொங்கலில் சூட்டின் மதகைத் தட்டும் மிளகு, சர்க்கரைப் பொங்கலில் குளிரின் மதகைத் தட்டும் ஏலம். குளிர்காலத்தில் ஏன் குளிர்ச்சியைச் சேர்க்கிறோம் என்று யாராவது கேட்டால், வாசத்துக்கு என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

திருவாதிரைக் களியில் அரிசியை முதலில் வறுத்து ரவையாக உடைப்பதும் மாவுச்சத்தை அடக்கத்தான். உலர்ந்த சூட்டில் அதன் நீண்ட சங்கிலிகள் துண்டாகிப் பசைத்தன்மை குறைகிறது. களி என்று பெயர் இருந்தாலும் உதிர் உதிராக வருவது அந்த வறுவலின் தயவு. பக்கத்தில் ஏழுகறிக் கூட்டு. இனிப்புக்கும் உறைப்புக்கும் ஒரே இலை.

எல்லாம் சுடச்சுட என்றாலும் ஓர் எல்லை உண்டு. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சேர்த்தது. பாதிக்கப்படுவது உணவுக்குழாய். ரசத்தை ஆற்றிக் குடிப்பதில் எந்தச் சுகமும் குறையாது. மதகு திறக்க 43 டிகிரியே போதும் என்று முன்னமே பார்த்தோம்.

கடைசியாக, மிச்சம் விழுந்த பொங்கல். காலையில் குழைந்து கிடந்தது, மதியத்துக்குள் கல்லாகிவிடும். நீர் வற்றியதால் என்று நினைக்கிறோம். மூடி வைத்தாலும் இறுகத்தான் செய்யும். வெந்தபோது கலைந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆற ஆற ஒன்றோடொன்று பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு மறுபடி இறுகுகின்றன. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது 4 டிகிரி அளவில், அதாவது நம் குளிர்பெட்டிக்குள். உள்ளே வைத்து எடுத்தால் கால் கரண்டி வெந்நீரோ பாலோ தெளித்து, மூடி, ஆவி நன்றாக வரும்வரை சூடாக்குங்கள். 60 டிகிரி தாண்டினால் அமைலோபெக்டின் என்ற வகை மாவுச்சத்துச் சங்கிலி போட்ட முடிச்சுகள் அவிழும். அமைலோஸ் என்ற இன்னொரு வகை போட்ட முடிச்சுகள் அவிழ 120 டிகிரிக்கும் மேல் வேண்டும். குக்கரே அந்த விளிம்பைத்தான் தொடும். எனவே பழைய மிருது முழுதாகத் திரும்பாது. சாப்பிடப்போகிற தலைகளை எண்ணிவிட்டு அரிசியை அளந்து போடுங்கள்.